சைனுக்குச் சொந்தக்காரர் யார்? கம்பைலருக்குள் வரும் கணித நிரலும் அதன் உரிமமும்

புதிதாக ஒரு நிரல்மொழிக்குக் கம்பைலர், அதாவது நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள், எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இலக்கணத்தைப் பிரிக்கும் பகுதி ஓடுகிறது, மெஷின் கோடு வெளியே வருகிறது, கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்புறம் முதல் பயனர் வந்து சைன் கேட்கிறார். அடுத்தவர் லாக் கேட்கிறார். மூன்றாமவர் காமா சார்பு இருக்கிறதா என்கிறார். ப்ராசசர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. ஏஆர்எம் ப்ராசசரில் சைன் போட்டுத் தரும் நேரடிக் கட்டளை இல்லை. இன்டெல்லின் பழைய எக்ஸ்87 பிரிவில் உண்டு. ஆனால் பை (π) என்ற எண்ணின் மடங்குகளுக்கு அருகே அதன் துல்லியம் சரிந்துவிடும் என்பதால் இன்றைய லைப்ரரிகள் (பிறர் எடுத்துப் பயன்படுத்த எழுதிவைத்த நிரல் தொகுப்புகள்) பெரும்பாலும் அதன் பக்கம் போவதில்லை.

நாமே எழுதிவிடலாமே என்று தோன்றும். கல்லூரியில் படித்த டெய்லர் தொடர் ஞாபகத்துக்கு வரும். ஒரு மாலைப்பொழுதில் ஏதோ ஒன்று ஓடவும் செய்யும். ஆனால் கடைசி பிட் வரை சரியாக வருவதும், கோணம் கோடிக்கணக்கான ரேடியனாக வந்தாலும் விடை பிசகாமல் இருப்பதும் வேறு வேலை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட எஃப்டிலிப்எம் லைப்ரரியில், பெரிய கோணங்களைச் சுருக்குவதற்காக மட்டும் இரண்டைப் பையால் வகுத்தால் வரும் எண்ணை (2/π) 476 தசம இலக்கங்களுக்கு ஓர் அட்டவணையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி வேலையை இன்னொரு முறை முதலிலிருந்து செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் எல்லாரும் செய்வதைத்தான் நீங்களும் செய்வீர்கள்: ஏற்கெனவே நன்றாக எழுதி, பல வருடம் அடிபட்டுத் தேறிய நிரலை எடுத்துக்கொள்வீர்கள்.

எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. எந்த நிபந்தனையில் எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கம்பைலர் எழுதுகிறவருக்கு இந்தக் கேள்வி மற்ற மென்பொருள் எழுதுகிறவர்களைவிடக் கனமானது.

ஏன் என்றால், கம்பைலரோடு வரும் கணித நிரல் கம்பைலருக்குள்ளேயே தங்குவதில்லை. பக்கத்து வீட்டில் வாங்கிய உறைமோர் ஒரு பாத்திரத்தோடு நிற்காது. இன்றைய தயிரிலிருந்து நாளைக்கு, நாளையதிலிருந்து மறுநாளைக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். ரன்டைம் லைப்ரரியும், அதாவது கட்டிய நிரல் ஓடும்போது தேவைப்படும் என்று கம்பைலர் கூடவே சேர்த்துத் தரும் நிரலும், அப்படித்தான். உங்கள் கம்பைலரைக் கொண்டு ஒருவர் கட்டுகிற ஒவ்வொரு பைனரிக்குள்ளும் (எந்திரம் நேரடியாக ஓட்டும் கோப்புக்குள்ளும்) அந்தச் சைன் போய் உட்கார்ந்துகொள்கிறது. வங்கி மென்பொருளாக இருக்கலாம், மருத்துவக் கருவிக்குள் ஓடுகிற நிரலாக இருக்கலாம். உரிமம் ஒரு கடமையை விதித்தால் அந்தக் கடமை உங்களோடு முடியாமல், உங்களை நம்பி வந்த அத்தனை பேர் தலையிலும் ஏறுகிறது. அவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆகவே “நான் இதைப் பயன்படுத்தலாமா” என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். “இதனால் என் பயனரின் பைனரி எதைச் சுமக்க வேண்டிவரும்” என்பது மீதிப் பாதி.

பெரியவர்கள் என்ன செய்தார்கள்

குனு திட்டத்தின் ஜிசிசி கம்பைலர் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது; அந்த உரிமத்தில் உள்ள நிரலைச் சேர்த்துக் கட்டியதை விநியோகித்தால் முழுவதையும் மூலநிரலோடு அதே உரிமத்தில் தர வேண்டும். அதன் ரன்டைமான லிப்ஜிசிசியும் வெறும் ஜிபிஎல்லில் இருந்திருந்தால், ஜிசிசியால் கட்டப்படும் நிரல்கள் எல்லாம் ஜிபிஎல்லுக்குள் இழுக்கப்பட்டிருக்கும். அதைத் தவிர்க்க ஆரம்பத்திலிருந்தே விதிவிலக்குகள் இருந்தன. இப்போது நடப்பில் இருப்பது 2009 மார்ச் 31 தேதியிட்ட ரன்டைம் லைப்ரரி விதிவிலக்கு, பதிப்பு 3.1. கம்பைலர் உங்கள் நிரலோடு சேர்த்துத் தரும் பகுதிகளை நீங்கள் விரும்பிய உரிமத்தில் வெளியிடலாம் என்று அது சொல்கிறது. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: கம்பைல் ஆகும் வழியில், இடைநிலை வடிவத்தை (பாதி மொழிபெயர்த்த நிரலை) ஜிபிஎல்லுக்கு ஒவ்வாத கருவியிடம் கொடுத்து வாங்கியிருக்கக் கூடாது. மூடிய பிளகின்கள் ஜிசிசியின் முதுகில் சவாரி செய்துவிடக் கூடாது என்ற கவலையில் பிறந்த நிபந்தனை அது.

கிளாங் கம்பைலருக்கு அடித்தளமான எல்எல்விஎம் திட்டம் வேறு வழியில் வந்தது. அதன் பழைய உரிமம் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி பாணி உரிமம், அதாவது அறிவிப்பை வைத்துக்கொண்டால் போதும் என்னும் தாராள வகை. அதில் ஒரு வரி, பைனரியாக விநியோகித்தாலும் பதிப்புரிமை அறிவிப்பை ஆவணத்தில் காட்ட வேண்டும் என்கிறது. கம்பைலருக்கு அது பொருந்தும். ரன்டைமுக்கு அது சரிப்படாது, அங்கேயும் அதே விதி என்றால் கிளாங்கால் கட்டிய ஒவ்வொரு செயலியும் எல்எல்விஎம்முக்கு நன்றிச் சீட்டு ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும். அதனால் கம்பைலர்-ஆர்டி என்ற ரன்டைம் பகுதியை மட்டும் இன்னொரு தாராள உரிமமான எம்ஐடியிலும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் முழுத் திட்டமும் அப்பாச்சி 2.0 என்ற தாராள உரிமத்துக்கு மாறத் தொடங்கியபோது, கூடவே எல்எல்விஎம் விதிவிலக்கு என்ற சிறு பின்னிணைப்பை எழுதினார்கள். உங்கள் நிரலைக் கம்பைல் செய்ததன் விளைவாக எங்கள் நிரலின் பகுதி உங்கள் பைனரியில் பதிந்தால், அதற்காக நீங்கள் உரிம நகலோ அறிவிப்போ தர வேண்டியதில்லை என்பது அதன் சாரம். ஜிபிஎல் பதிப்பு 2 நிரலோடு சேரும்போது முரண்பாடு எழுந்தால் முரண்படும் பகுதியை விட்டுக்கொடுக்கலாம் என்றும் ஒரு பத்தி உண்டு.

பூஸ்ட் என்ற சி++ லைப்ரரித் தொகுப்பின் உரிமத்திலும் இதே கவனம் தெரியும். மொழியைப் பெயர்க்கும் ஒரு கருவி உருவாக்கிய, எந்திரம் இயக்கும் வடிவில் மட்டுமே இருக்கும் நகல்களுக்கு அறிவிப்பு தேவையில்லை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. தசம எண்களை அச்சிடும் ரியூ என்ற நிரல் அப்பாச்சி, பூஸ்ட் என இரண்டு உரிமங்களில் கிடைக்கிறது. மொழிகளின் அடிப்படை லைப்ரரிக்குள் போகிற நிரலுக்கு இரண்டாவது உரிமம் எவ்வளவு வசதி என்பதைக் கம்பைலர் எழுதுகிறவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

நாலு பங்கு துல்லியம், ஒரு பங்கு சிக்கல்

இவ்வளவு கவனமாக இருந்த ஜிசிசியிலேயே ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

2011இல் வந்த ஜிசிசி 4.6இல் ஃபோர்ட்ரானுக்கு 128 பிட் மிதவைப்புள்ளி எண்கள் (வழக்கமான 64 பிட்டைவிட அதிக இலக்கம் பிடிக்கும் தசம எண்கள்) கிடைத்தன. அந்த எண்களுக்கு சைன், லாக் போட லிப்குவாட்மேத் என்ற லைப்ரரி சேர்ந்தது. அதன் உள்ளடக்கம் புதிதாக எழுதியதல்ல. பெரும்பகுதி குனு சி லைப்ரரியான ஜிலிப்சியின் 128 பிட் நிரலிலிருந்து வந்தது. ஜிலிப்சி, ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல்லில் இருப்பதால் லிப்குவாட்மேத்தும் எல்ஜிபிஎல். ஃபோர்ட்ரானின் முதன்மை ரன்டைமான லிப்ஜிஃபோர்ட்ரானுக்கு ஜிசிசி விதிவிலக்கு உண்டு. அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் லிப்குவாட்மேத்துக்குக் கிடையாது.

தனி லைப்ரரிக் கோப்பாக, ஓடும்போது இணையும்படி வைத்திருக்கும்வரை இதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஒரே கோப்பாகக் கட்டி வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும் என்று ஸ்டேட்டிக் லிங்க் செய்யும்போதுதான் பிரச்சினை தலைதூக்கும். எல்ஜிபிஎல் நிரலை அப்படி உள்ளே சேர்த்தால், பயனர் அந்த லைப்ரரியை மாற்றிவிட்டு மீண்டும் லிங்க் செய்துகொள்ள வழி செய்து தர வேண்டும். உங்கள் மூலநிரலைத் தர விருப்பமில்லை என்றால் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது (லிங்க் செய்வதற்கு முந்தைய எந்திர வடிவத்தையாவது) தர வேண்டும். ஒரு பொறியியல் கணக்கீட்டு நிரலை விற்கும் சிறு நிறுவனத்துக்கு இது சாதாரணக் காரியமில்லை. அவர்கள் 128 பிட் எண்ணையே பயன்படுத்தாமல் இருந்திருக்கலாம். ரன்டைம் அதைத் துணைக்கு அழைத்துவரும் என்பதை யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜிஃபோர்ட்ரான் கையேட்டில் இப்போது லிப்குவாட்மேத்தை ஸ்டேட்டிக்காக இணைக்கும் விருப்பத்துக்குக் கீழேயே, இது எல்ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது, ஸ்டேட்டிக்காக இணைத்தால் பைனரியை விநியோகிக்கும்போது சில கடமைகள் வரும் என்று எச்சரித்திருக்கிறார்கள். கம்பைலர் கையேட்டில், ஒரு லிங்க் விருப்பத்தின் அடியில், சட்ட எச்சரிக்கை! அதை எழுதியவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பயனருக்குத் தெரிய வேண்டியதைத் தெரிய வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று. ஹார்ட்வேரில் மிதவைப்புள்ளி வசதி இல்லாத இடங்களுக்காக லிப்ஜிசிசியில் சாஃப்ட்-எஃப்பி என்ற நிரல் இருக்கிறது. அதுவும் ஜிலிப்சி வீட்டுப் பிள்ளைதான், எல்ஜிபிஎல்தான். ஆனால் அதன் கோப்புகளின் தலைப்பில், இதன் கம்பைல் ஆன வடிவத்தை எந்த நிரலோடும் தடையின்றி இணைக்கலாம் என்று தனி அனுமதி சேர்த்திருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு நிரல்களில் ஒன்றுக்கு அந்தப் பத்தி வாய்த்தது, மற்றதற்கு வாய்க்கவில்லை. கம்பைலர் பயனரைப் பொறுத்தவரை அவற்றுக்கு இடையிலான தூரம் அந்த ஒரு பத்திதான்.

மொழி மாற்றினால் உரிமம் மாறிவிடுமா

“நான் சி நிரலை அப்படியே எடுக்கவில்லை, என் மொழியில் திருப்பி எழுதினேன், இது என்னுடையது.” புது மொழிகளைச் சுற்றி இந்த வாதம் அடிக்கடி காதில் விழும். ஒரு நாவலை மொழிபெயர்த்தால் மூல ஆசிரியரின் உரிமை காற்றில் போய்விடாது என்பது நமக்குத் தெரியும். நிரலுக்கும் அதே நியாயம்தான். ஜிபிஎல் பதிப்பு 2 இன்னும் தெளிவாக, வேறு மொழிக்குப் பெயர்த்த வடிவமும் இந்த உரிமத்துக்குள் அடங்கும் என்று தன் முதல் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது.

கோ மொழிக்காரர்கள் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். அதன் கணிதத் தொகுப்பில் லாக் கணக்கிடும் கோப்பைத் திறந்தால், மூல சி நிரலும் நீண்ட விளக்கக் குறிப்பும் மாறிலிகளும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்திலிருந்து வந்தவை, இந்த அறிவிப்போடு வந்தவை, கோ நிரல் அதன் எளிமையாக்கிய வடிவம் என்று முதலில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே 1993ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸின் அறிவிப்பு வரி மாறாமல் இருக்கும். இந்த அறிவிப்பைக் காப்பாற்றினால் போதும், பயன்படுத்தவும் நகலெடுக்கவும் மாற்றவும் விநியோகிக்கவும் தாராளமாக அனுமதி என்பதே அதன் முழு நிபந்தனை.

எனக்கு மிகவும் பிடித்த உரிமம் இதுதான். வழக்கறிஞர் மொழி இல்லை. கேட்பது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைக்கூடச் செய்யாமல் தலைப்பை வெட்டி எறிந்துவிட்டு நிரலை ஒட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் மனது வருந்துகிறது. ஜாவாவின் ஸ்ட்ரிக்ட்மேத் வகுப்பு இதே எஃப்டிலிப்எம்மின் 5.3ஆம் பதிப்பு தரும் விடையையே தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி, ஆண்ட்ராய்டின் பயோனிக், மஸ்ல், நியூலிப் என்ற சி லைப்ரரிகள், ஜூலியா மொழியின் ஓப்பன்லிப்எம் என்று இந்த நிரல் போகாத வீடில்லை. மஸ்லிலிருந்து ரஸ்ட் மொழியின் லிப்எம்முக்கும் போயிருக்கிறது.

இதில் கவனிக்க இன்னொரு நுணுக்கம் உண்டு. ஜாவாவின் திறமூல வடிவத்தில் இதே கணித நிரலை சியிலிருந்து ஜாவாவுக்குச் சிறிது சிறிதாக மாற்றினார்கள். அந்த ஜாவா கோப்பு ஜிபிஎல் பதிப்பு 2, கிளாஸ்பாத் விதிவிலக்கோடு (இணைக்கும் நிரலுக்கு ஜிபிஎல் தொற்றாது என்னும் அனுமதியோடு) இருக்கிறது. முதலில் எழுதியது சன். 2010இல் சன்னை வாங்கியது ஆரக்கிள். சொந்த நிரலை எந்த உரிமத்தில் வேண்டுமானாலும் தரலாம். ஆனால் நீங்கள் அந்த ஜாவா கோப்பைப் பார்த்து உங்கள் மொழிக்குப் பெயர்த்தால் உங்கள் கைக்கு வருவது ஜிபிஎல். அதே கணக்கைப் பழைய சி கோப்பிலிருந்து பெயர்த்தால் ஒரு அறிவிப்போடு முடிந்துவிடும். சூத்திரமும் விடையும் ஒன்றேதான். ஆனாலும் எந்தக் கிணற்றில் மொண்டீர்கள் என்பதைப் பொறுத்துக் கடமை மாறுகிறது. அதனால்தான் எங்கிருந்து எடுத்தோம் என்பதைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவைக்கச் சொல்கிறார்கள்.

ஒரே ஃபோல்டரில் இருப்பதெல்லாம் ஒரே உரிமம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஃப்ரீபிஎஸ்டியின் கணித ஃபோல்டரில் சைன் கோப்பு சன் அறிவிப்போடு இருக்கும். பெருக்கிக் கூட்டும் எஃப்எம்ஏ கோப்பு டேவிட் ஷுல்ட்ஸ் எழுதியது, இரண்டு விதி பிஎஸ்டியில் இருக்கும். பைனரியின் ஆவணத்தில் அறிவிப்பைக் காட்டச் சொல்வது இரண்டாவது. கம்பைலர் ரன்டைமுக்கு இரண்டும் ஒன்றல்ல. கோப்பு கோப்பாகத் திறந்து படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நல்ல மனதோடு சொன்ன தெளிவில்லாத வார்த்தை

கோ மொழியின் சைன் சன்னுடையதல்ல. அது செஃபிஸ் என்ற தொகுப்பிலிருந்து வந்தது. எழுதியவர் ஸ்டீபன் மோஷியர். நெட்லிப் களஞ்சியத்தில் அந்தத் தொகுப்போடு இருக்கும் குறிப்பு இப்படிப் போகிறது: இதில் உள்ள சில நிரல்கள் 1989இல் வெளிவந்த என் புத்தகத்திலிருந்தோ, விற்பனைக்கு உள்ள செஃபிஸ் லைப்ரரியிலிருந்தோ வந்திருக்கலாம், எதுவானாலும் பதிப்புரிமை ஆசிரியருடையது, இங்கே காண்பதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆதரவோ உத்தரவாதமோ கிடையாது.

மனிதர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் பயன்படுத்தலாம் என்றால் மாற்றலாமா? மாற்றியதை விநியோகிக்கலாமா? விற்கலாமா? உரிமங்களை வரி வரியாகப் பார்க்கும் டெபியன் லினக்ஸ் போன்ற திட்டங்களில் இந்த மாதிரிக் கேள்வி எழாமல் இருக்காது. கோ மொழிக்காரர்கள் அந்தக் குறிப்பையே முழுதாகத் தங்கள் கோப்பில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். யாரும் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மோஷியரின் இன்னொரு பங்களிப்பு இதற்கு நேர் எதிராகத் தெளிவானது. ஜிலிப்சியின் 128 பிட் கோப்புகள் சிலவற்றில் இரண்டு அறிவிப்புகள் அடுத்தடுத்து இருக்கும். மேலே சன் அறிவிப்பு. கீழே, நீண்ட துல்லியத்துக்கான விரிவாக்கம் 2001இல் மோஷியர் செய்தது, ஆசிரியர் அனுமதியோடு சேர்க்கப்பட்டது, இதை வேறிடத்தில் வேறு நிபந்தனையில் வெளியிடும் உரிமையை ஆசிரியர் வைத்துக்கொள்கிறார், இங்கே எல்ஜிபிஎல்லில் தரப்படுகிறது என்று இருக்கும். மேலே சொன்ன லிப்குவாட்மேத்துக்குள் போய்ச் சேர்ந்தவற்றில் இந்தக் கோப்புகளும் உண்டு. எழுதியவர் உயிரோடும் தொடர்பிலும் இருக்கும்போதே கேட்டு வாங்கினால் இந்த மாதிரித் தெளிவு கிடைக்கும். ஏஆர்எம் நிறுவனம் தன் வேகமான கணித நிரல்களில் இதையே இன்னும் விரிவாகச் செய்தது. அதன் களஞ்சியத்தில் எம்ஐடி அல்லது எல்எல்விஎம் விதிவிலக்கோடு கூடிய அப்பாச்சி, இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதே நிரல் 2018இல் ஜிலிப்சி 2.28க்குள் எல்ஜிபிஎல்லாகப் போனது. மஸ்லுக்குள் எம்ஐடியாக இருக்கிறது.

புத்தகத்திலும் ஆய்விதழிலும் அச்சான நிரல்களை இன்னும் ஜாக்கிரதையாகத் தொட வேண்டும். நியூமெரிக்கல் ரெசிபீஸ் 1986இலிருந்து எத்தனையோ பொறியாளர்களுக்குக் கணக்கீடு கற்றுத் தந்த புத்தகம். ஆனால் அதன் நிரலை மூல வடிவில் மற்றவருக்கு விநியோகிக்க அதன் உரிமம் இடம் தருவதில்லை. ஏசிஎம் அமைப்பின் கணித மென்பொருள் இதழில் வந்த அல்காரிதங்களுக்கு, வணிகமல்லாத பயன்பாடு இலவசம், வணிகத்துக்குத் தனி அனுமதி வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. திறமூலம் என்பதன் வரையறையிலேயே மூலநிரலை விநியோகிக்கவும் எந்தத் துறையில் பயன்படுத்தவும் தடை இருக்கக் கூடாது என்று இருப்பதால் இரண்டும் திறமூலக் கம்பைலருக்குள் வர முடியாது. கட்டுரையைப் படித்து முறையைக் கற்றுக்கொண்டு சொந்தமாக எழுதலாம். பக்கத்தில் நிரலைத் திறந்துவைத்து மாறிப் பெயர்களை மட்டும் மாற்றக் கூடாது.

பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு க்யூஇஎம்யூ ஓர் உதாரணம். ஒரு ப்ராசசரின் கட்டளைகளை இன்னொன்றுக்கு ஓடஓட மொழிபெயர்க்கும் அந்த மென்பொருள், மிதவைப்புள்ளிக் கணக்குக்கு ஜான் ஹவுசரின் சாஃப்ட்ஃப்ளோட்டை எடுத்துக்கொண்டது. எடுத்தது 2பி வெளியீடு. நஷ்டம் வந்தால் பயன்படுத்துகிறவர் ஆசிரியரையும் நிறுவனத்தையும் பொறுப்பிலிருந்து காக்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை இருந்தது. க்யூஇஎம்யூவின் ஜிபிஎல்லுக்கு அது ஒத்துப்போகவில்லை. இதைச் சரிசெய்ய அவர்கள் பழைய 2ஏ வெளியீட்டை அடிப்படையாக வைத்து, பல வருடங்களில் சேர்ந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, சிலவற்றைத் திரும்பப் பெற்றுப் புதிதாக எழுதினார்கள். 2014 டிசம்பர் 1க்குப் பிறகு வரும் மாற்றங்கள் இன்ன உரிமத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்று கோப்பின் தலைப்பிலேயே தேதி போட்டு எழுதிவிட்டார்கள். பெர்க்லியிலிருந்து பின்னால் வந்த சாஃப்ட்ஃப்ளோட் 3 பிஎஸ்டி உரிமத்துக்கு மாறிவிட்டதால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

எண்ணுக்குப் பதிப்புரிமை உண்டா

சரி, நிரலை எடுக்கவில்லை, எண்களை மட்டும் எடுத்தால்? நுட்பமான கேள்வி இது.

சைன் கணக்கிட எல்லாரும் ஒரு பல்லுறுப்புக்கோவையைப் பயன்படுத்துகிறார்கள். டெய்லர் தொடரில் கனத்தின் குணகம் ஆறில் ஒன்று, மைனஸ் குறியோடு: 0.16666 என்று ஆறு முடிவில்லாமல் போகும். சன் நிரலில் அந்த இடத்தில் இருப்பது 0.166666666666666324348. பதினாறாவது இலக்கத்தில் வழி மாறுகிறது. அச்சுப்பிழை அல்ல, வேண்டுமென்றே வைத்தது. தொடரை பதின்மூன்றாம் அடுக்கோடு நிறுத்தப்போகிறோம், ஆகவே மிஞ்சும் பிழையை அந்த இடைவெளி முழுவதும் சமமாகப் பரப்ப வேண்டும் என்று ரெமெஸ் முறை போன்ற கணக்கில் செதுக்கி எடுத்த எண். செஃபிஸில் அதே இடத்தில் 0.166666666666666307295 இருக்கிறது. வேலை ஒன்றுதான், இரண்டு கைகள் செதுக்கியபோது இரண்டு எண்கள் வந்திருக்கின்றன.

இரண்டைப் பையால் வகுத்தால் வரும் 476 இலக்கங்கள் இயற்கையின் உண்மை. அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. இந்தக் குணகங்கள் அப்படியா? அமெரிக்கச் சட்டம் கருத்தையும் முறையையும் பதிப்புரிமைக்கு வெளியே வைக்கிறது. வெறும் உழைப்பு மட்டும் பதிப்புரிமை தராது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1991இல், ஒரு தொலைபேசிப் புத்தக வழக்கில் சொல்லியிருக்கிறது. இடைவெளியும் அடுக்கும் பிழையின் அளவுகோலும் முடிவாகிவிட்டால் எண்கள் கணக்கிலிருந்து தாமாக விழும் என்பதால், தனித்தனிக் குணகத்துக்குப் பதிப்புரிமை கோருவது கடினம் என்பதே என் கருத்து. ஆனால் குணகங்களோடு அவற்றின் வரிசை, கணக்கைப் பிரித்த விதம், மேலே உள்ள நீண்ட விளக்கக் குறிப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் அது ஒருவரின் எழுத்து. அந்த எழுத்துக்கு அறிவிப்பு வைப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சுத்தமாக இருக்க விரும்புகிறவருக்கு இன்று நல்ல வழிகள் இருக்கின்றன. சோல்யா என்ற கருவியிடம் இடைவெளியையும் அடுக்கையும் கொடுத்தால் குணகங்களைச் செதுக்கித் தரும். எல்எல்விஎம்மின் சி லைப்ரரிக் கோப்புகளில் குணகங்களுக்கு மேலே, இவை சோல்யாவில் இன்ன கட்டளையால் வந்தவை என்று கட்டளையையே எழுதியிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்த்து அதே எண்ணைப் பெறலாம். அவர்கள் விடையைச் சரிபார்க்க எம்பிஎஃப்ஆர் லைப்ரரியைப் பயன்படுத்துகிறார்கள். அது எல்ஜிபிஎல். ஆனால் பரிசோதனையோடு நின்றுவிடுகிறது, பயனரின் பைனரிக்குள் போவதில்லை. ஜிசிசியும் 4.3 பதிப்பிலிருந்து மாறிலிகளைக் கம்பைல் நேரத்திலேயே கணக்கிட எம்பிஎஃப்ஆரை வைத்திருக்கிறது. அங்கேயும் பைனரிக்குப் போவது விடை மட்டும்தான். லைப்ரரி கம்பைலரோடு இருந்துவிடுகிறது.

துல்லியமும் வேண்டும், உரிமத் தொல்லையும் வேண்டாம் என்றால் கோர்-மேத் இருக்கிறது. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பால் ஜிம்மர்மான், அலெக்ஸெய் சிபிதானோவோடு சேர்ந்து முன்னின்று நடத்தும் திட்டம். கடைசி பிட் வரை சரியாக வட்டமிட்ட விடை, எம்ஐடி உரிமம். 2025 ஜனவரியில் வந்த ஜிலிப்சி 2.41, ஒற்றைத் துல்லியத்துக்கான பல ஃபங்ஷன்களை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது.

ரஸ்டின் கம்பைலர்-பில்டின்ஸ் தொகுப்பில் உரிமம் எழுதும் இடத்தில் ஒற்றைப் பெயர் இருக்காது. எம்ஐடி, மற்றும் எல்எல்விஎம் விதிவிலக்கோடு அப்பாச்சி, மற்றும் எம்ஐடி அல்லது அப்பாச்சி என்று நீளமாகப் போகும். பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் மஸ்லிலிருந்து வந்தது, கம்பைலர்-ஆர்டியிலிருந்து வந்தது, சொந்தமாக எழுதியது என்று ஒவ்வொன்றின் பூர்வீகமும் அந்த ஒரு வரியில் பதிவாகியிருக்கிறது.

இப்போது நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஒரு சைன் ஃபங்ஷன் கேட்டு வாங்கி ரன்டைமில் சேர்க்கும் பழக்கமும் வந்துவிட்டது. அப்படி வந்த நிரலைச் சேர்ப்பதற்கு முன், கனத்தின் குணகத்தைப் பதினாறாவது இலக்கத்தைத் தாண்டிக் கடைசி வரை படித்துப் பாருங்கள். அங்கே 324348 என்று முடிந்தால் அது 1993இல் சன்னில் செதுக்கிய எண். மேலே இருந்த அறிவிப்பு வழியில் எங்கோ விழுந்துவிட்டிருக்கிறது. பழைய கோப்பைத் தேடி எடுத்து, அந்த அறிவிப்பைத் திரும்ப ஒட்டிவிட்டு, அப்புறம் கமிட் செய்யுங்கள்.